வாட்சன் வீட்டில் ஒயின் விளம்பரம்: துப்பறியும் கதைகள் வானொலிக்கு வந்த விதம்

பழைய ஷெர்லாக் ஹோம்ஸ் வானொலி நாடகங்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. முதன்முறை கேட்பவர் கொஞ்சம் திகைத்துத்தான் போவார். கதை தொடங்குமுன் ஓர் அறிவிப்பாளர் கலிபோர்னியா ஒயினின் அருமை பெருமைகளைப் பேசுகிறார். பேசிய கையோடு ஹோம்ஸின் தோழர் டாக்டர் வாட்சனின் வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்தும்விடுகிறார். வாட்சன் சொல்லும் கதையை ஆர்தர் கோனன் டாயிலின் புத்தகங்களில் தேடினால் கிடைப்பதில்லை. இன்னொரு ஒலிக்கோப்பைத் திறந்தால் வாட்சனின் குரல் அதேதான், ஹோம்ஸ் மட்டும் வேறு ஆள். மற்றொன்றில் கதை பாதியிலேயே அறுந்துபோகிறது.

இவை போலிப் பதிவுகள் அல்ல. ஒவ்வொரு விசித்திரத்துக்கும் காரணம் உண்டு. முக்கியமான காரணம் இதுதான்: கண்ணால் படிக்க எழுதிய புதிரைக் காதால் மட்டும் கேட்கும்படி மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையை வானொலிக்காரர்கள் துப்பறிபவரிடம் ஒப்படைக்கவில்லை. அவர் பக்கத்தில் நிற்பவரிடம் ஒப்படைத்தார்கள்.

முதலில் மூன்று சொற்கள்

1. வானொலிப் பொற்காலம். அமெரிக்காவில் வானொலிப் பெட்டி வீட்டுக்கு வீடு பரவிய 1920களின் பிற்பகுதியிலிருந்து, தொலைக்காட்சி அதை ஓரங்கட்டும் வரையிலான காலம். முடிவுக்கு வழக்கமாகச் சொல்லும் தேதி 1962 செப்டம்பர் 30. அன்றுதான் சிபிஎஸ் வலையமைப்பின் 'சஸ்பென்ஸ்', 'யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்' ஆகிய இரு தொடர்களும் கடைசியாக ஒலித்தன.

2. விளம்பரதாரர். இன்றைக்குப் போல இடையில் பத்து விநாடி வந்துபோகிறவர் அல்லர். அரை மணி நேரத்தை மொத்தமாக வாங்கி, நிகழ்ச்சியின் செலவை ஏற்று, அதைத் தன் பெயரோடு சேர்த்தே ஒலிக்கவைத்தவர். அவர் விலகினால் நிகழ்ச்சியே நின்றுபோகலாம். பிரிட்டனின் பிபிசியில் விளம்பரமே கிடையாது என்பதால் இந்தக் கதை பெரும்பாலும் அமெரிக்கக் கதை.

3. துப்பு. வாசகரின் கண்ணெதிரிலேயே வைக்கப்பட்டு, ஆனால் அவர் பொருட்படுத்தாமல் கடந்துபோகும் செய்தி. நேர்மையான துப்பறியும் கதையில் துப்பறிபவருக்குக் கிடைத்த துப்பெல்லாம் வாசகருக்கும் கிடைத்திருக்க வேண்டும். வானொலிக்குச் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

பார்க்கும் கலையைக் கேட்கவைப்பது

1891இல் வெளிவந்த 'எ ஸ்கேண்டல் இன் பொஹீமியா' கதையில் ஹோம்ஸ் ஒரு கேள்வி கேட்கிறார். வாட்சன் நூற்றுக்கணக்கான முறை ஏறிவந்த அந்த வீட்டு மாடிக்கு எத்தனை படிகள்? வாட்சனுக்குத் தெரியவில்லை. பதினேழு என்கிறார் ஹோம்ஸ். வாட்சன் பார்க்கிறாரே தவிரக் கவனிப்பதில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு.

ஹோம்ஸின் முறை முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது: சட்டைக் கைமடிப்பு, காலணிச் சேறு, விரலில் ஒட்டிய மை. வானொலியில் சேறு கிடையாது. யாராவது 'சேறு' என்று சொன்னால்தான் உண்டு. சொன்ன உடனேயே அது துப்பு என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அச்சில் ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் சேற்றை ஒளித்துவைக்கலாம். சந்தேகம் வந்த வாசகர் நான்கு பக்கம் பின்னால் புரட்டிப் பார்க்கலாம். வானொலியில் இரண்டுக்கும் வழியில்லை. (அந்தப் பதினேழு படிகளை மட்டும் காலடி ஓசையாகவே எண்ணிக் காட்டிவிடலாம். பாவம் வாட்சன், அவர் பார்த்துத் தவறவிட்டதைக் கேட்பவர் தவறவிட மாட்டார்.)

இதற்கு நாடகம் எழுதியவர்கள் கைக்கொண்ட வழிகள்:

1. கேள்வியும் பதிலும். துப்பறிபவர் தான் கண்டதைத் தானே வருணித்தால் பிரசங்கம் ஆகிவிடும். பக்கத்தில் இருப்பவர் புரியாமல் கேட்க வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டும்.

2. ஒலியையே துப்பாக்குவது. கடிகாரம் அடிக்கும் எண்ணிக்கை, பூட்டு திரும்பும் ஓசை, நொண்டி நடக்கும் காலடி. கொட்டாங்கச்சி இரண்டைச் சரளையில் தட்டினால் குதிரைவண்டி; செலோஃபேன் தாளைக் கசக்கினால் கணப்பு நெருப்பு; பெரிய தகரத் தகட்டை உலுக்கினால் இடி. இதைச் செய்ய நிலையத்தில் தனியாக ஆள் இருந்தார்.

3. ஆள் குறைப்பு. பத்து சந்தேக நபர்களை அச்சில் வைத்துக்கொள்ளலாம். காதுக்கு ஐந்தாறு குரல்களுக்கு மேல் பிரித்தறிவது கடினம். அவையும் ஒன்று கட்டையாக, ஒன்று கீச்சென்று இருந்தாக வேண்டும்.

4. சொல்லிவிட்டு மறைப்பது. துப்பைத் தெளிவாகச் சொல்லிவிட்டு அடுத்த நொடியே ஓர் அலறலையோ கதவு தட்டலையோ வைப்பது. கேட்பவரின் கவனம் அங்கே ஓடிவிடும்.

எல்லாக் கதையும் இதற்கு வளைந்து கொடுப்பதில்லை. 'தி டான்சிங் மென்' கதையின் உயிரே குச்சி மனிதர்களாக வரைந்த சங்கேத எழுத்துதான். வாசகர் அந்தப் படங்களைப் பார்த்து, தானும் எழுத்துக் கூட்டிப் பார்க்கலாம். வானொலியில் ஒருவர் அதை விவரிக்க, இன்னொருவர் தலையாட்ட, கேட்பவர் வெறும் சாட்சியாகிவிடுகிறார்.

இருட்டறையும் சீழ்க்கையும்: ஒரு கதையை நெருங்கிப் பார்த்தால்

1930 அக்டோபர் 20 அன்று என்பிசி வலையமைப்பில் ஹோம்ஸ் தொடரின் முதல் நாடகம் ஒலித்தது. ஹோம்ஸாகப் பேசியவர் வில்லியம் கில்லெட். 1899 முதல் அமெரிக்க மேடையில் ஹோம்ஸாக நடித்துப் பேர் பெற்ற அவருக்கு அப்போது வயது 77. அடுத்த வாரமே ரிச்சர்ட் கார்டன் அந்த வேடத்தை ஏற்றார். நாடகமாக்கியவர் எடித் மெய்சர் என்ற பெண்மணி. அமெரிக்க வானொலியில் ஹோம்ஸ் வேரூன்றியதற்கு வேறு யாரையும்விட இவரே காரணம் என்பேன். முதல் நாளுக்குத் தேர்ந்த கதை, 1892இல் வந்த 'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்'.

ஏன் அந்தக் கதை பொருத்தமாக இருந்தது என்பதைப் பார்க்க முடிவையும் தொட்டாக வேண்டும். படிக்காதவர்கள் அடுத்த உபதலைப்புக்குத் தாவிவிடலாம்.

ஹெலன் ஸ்டோனர் என்ற பெண்ணின் இரட்டைச் சகோதரி, தாழிட்ட அறையில் இரண்டாண்டுகளுக்கு முன் மர்மமாக இறந்திருக்கிறாள். இறப்பதற்கு முந்தைய இரவுகளில் மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்டதாகச் சொல்லியிருக்கிறாள். இறந்த இரவில் ஹெலனும் அதைக் கேட்டாள். கூடவே ஏதோ உலோகம் விழுந்தாற்போல ஒரு சத்தம். ஆக, புதிரின் தொடக்கமே இரண்டு ஓசைகள்.

கண்ணுக்கான துப்புகளும் இருக்கின்றன: எந்த மணியோடும் இணைக்கப்படாத அழைப்புமணிக் கயிறு, வெளிக்காற்றுக்குத் திறக்காமல் பக்கத்து அறைக்குத் திறக்கும் காற்றுத்துளை, தரையோடு இறுக்கப்பட்ட கட்டில். இவற்றில் முதலாவதை டாயிலே பேச்சாகத்தான் எழுதியிருக்கிறார். இந்த மணி எங்கே அடிக்கும் என்று ஹோம்ஸ் கேட்கிறார். ஹெலன் பதில் சொல்கிறாள். அவர் இழுத்துப் பார்த்து, இது சும்மா தொங்கும் கயிறு என்கிறார். நாடகமாக்குபவர் இங்கே செய்ய வேண்டியது அதிகமில்லை.

உச்சக்கட்டம்தான் வியப்பு. ஹோம்ஸும் வாட்சனும் அந்த அறையில் விளக்கில்லாமல் காத்திருக்கிறார்கள். வெளியே ஓர் இரவுப் பறவை கத்துகிறது. தேவாலயக் கடிகாரம் கால்மணிக்கொரு முறை அடிக்கிறது: பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு, கெண்டியிலிருந்து ஆவி கசிவதுபோல மெல்லிய ஓசை. ஹோம்ஸ் சட்டென்று தீக்குச்சியைக் கிழித்து, மணிக் கயிற்றைப் பிரம்பால் விளாசுகிறார். அந்த நொடியில் சீழ்க்கை கேட்கிறது. ஆனால் இருட்டுக்குப் பழகிய கண்ணில் திடீர் வெளிச்சம் பட்டதால், ஹோம்ஸ் எதை அடிக்கிறார் என்பது வாட்சனுக்கே தெரிவதில்லை! கயிற்றில் இறங்கிவந்த பாம்பைக் கண்டவர் ஹோம்ஸ் ஒருவரே. வாட்சன் அங்கே வெறும் காது. வானொலி பிறப்பதற்கு வெகு முன்பே, 1892இல், டாயில் அறியாமலே ஒரு வானொலிக் காட்சியை எழுதிவைத்திருக்கிறார்.

வாட்சனுக்குக் கிடைத்த பதவி உயர்வு

மெய்சரின் தொடருக்கு விளம்பரதாரர் ஜி. வாஷிங்டன் காபி, உடனே கரையும் காபித்தூள். இதற்கேற்ப அவர் ஒரு சட்டகம் அமைத்தார். அறிவிப்பாளர் ஓய்வுபெற்ற வாட்சனைப் பார்க்க வருகிறார். வாட்சன் பழைய நினைவுகளை எடுத்துவிடுகிறார். காபியை இந்தச் சந்திப்பிலேயே நுழைத்துவிடலாம். பின்னர் 1943 முதல் 1946 வரை பெட்ரி ஒயின் நிறுவனம் விளம்பரதாரரானபோது கோப்பையின் உள்ளடக்கம் மாறியது, சட்டகம் மாறவில்லை. வாட்சனைத் தேடிவரும் அறிவிப்பாளர்களில் ஒருவர் ஹாரி பார்ட்டெல்.

இதை வணிகத் தந்திரம் என்று தள்ளிவிடுவது எளிது. கணக்கைப் பார்த்தால் வேறு உண்மை தெரியும். அரை மணி நேரத்தில் விளம்பரமும் முகப்பும் போக ஏறத்தாழ 25 நிமிடம் மிஞ்சும். நிமிடத்துக்கு 150 சொல் என்று வைத்தாலும் 4,000 சொற்களுக்குள் முடித்தாக வேண்டும். 'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்' மூலக்கதை 10,000 சொற்களை ஒட்டியது. ரயில் பயணம், நாள் மாற்றம், இடவருணனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தாண்ட ஒரு கதைசொல்லி வேண்டும். கேட்பவருக்குப் புரியாததைக் கேட்டுத் தெளிவிக்க ஓர் ஆள் வேண்டும். விளம்பரத்திலிருந்து லண்டன் மூடுபனிக்கு அதிர்ச்சியில்லாமல் அழைத்துப்போக ஒரு குரல் வேண்டும். மூன்றையும் வாட்சன் ஒருவரே செய்தார்.

1939 அக்டோபரில் பேசில் ராத்போன் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் வாட்சனாகவும் வானொலிக்கு வந்தார்கள். அதே ஆண்டு திரைப்படத்தில் இணைந்த ஜோடி அது. புரூஸின் வாட்சன் தடுமாறுபவர், எதற்கும் ஆச்சரியப்படுபவர். டாயிலின் வாட்சனோ ஆப்கன் போரில் காயம்பட்ட ராணுவ மருத்துவர், அசடு அல்லர். புத்தகப் பிரியர்கள் இதற்காகப் புரூஸை இன்றும் மன்னிப்பதில்லை. ஆனால் வானொலியில் அந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு பயன் இருந்தது: அவர் மெதுவாகப் புரிந்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் கேட்பவருக்கு ஒரு துப்பு இரண்டாம் தடவை சொல்லப்படுகிறது.

1946இல் ராத்போன் விலகினார். தொடர் நிற்கவில்லை. டாம் கான்வே ஹோம்ஸானார், புரூஸ் இன்னும் ஒரு பருவம் வாட்சனாகவே தொடர்ந்தார். துப்பறிபவர் இல்லாமல் நடந்துவிட்டது. கதைசொல்லி இல்லாமல் நடக்கவில்லை என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது.

அறுபது கதைகள் தீர்ந்த பிறகு

டாயில் எழுதிய ஹோம்ஸ் கதைகள் 56 சிறுகதைகள், 4 நாவல்கள். வாரம் ஒன்று என்று போட்டால் ஒன்றேகால் ஆண்டுக்குக்கூடத் தாங்காது. ராத்போன்-புரூஸ் ஜோடி மட்டுமே 200க்கும் மேற்பட்ட நாடகங்களில் பேசியது. புத்தகத்தில் இல்லாத கதைகள் வந்தது இப்படித்தான். விதை பல நேரம் டாயிலிடமிருந்தே கிடைத்தது: 'தி சசெக்ஸ் வாம்பயர்' கதையில் சுமத்ராவின் ராட்சத எலி பற்றி ஒரு வரி வருகிறது, உலகம் இன்னும் அந்தக் கதைக்குத் தயாராகவில்லை என்று. மெய்சர் அந்த எலிக்கு ஒரு நாடகமே எழுதினார். 1945 முதல் அந்தோனி பௌச்சர் கதைப்பின்னலை அமைக்க, டெனிஸ் கிரீன் உரையாடல் எழுதினார்.

மூலத்தை மட்டுமே கேட்க விரும்புபவருக்கு பிபிசி பதிப்பு பொருத்தம். 1989க்கும் 1998க்கும் இடையில் கிளைவ் மெரிசன் ஹோம்ஸாக அறுபதையும் முடித்தார்.

மற்றத் துப்பறிவாளர்களின் வாட்சன்கள்

எல்லெரி குவீன் என்பது துப்பறிபவரின் பெயர், எழுத்தாளரின் பெயரும் அதுவே. அந்தப் பெயருக்குள் இருந்தவர்கள் பிரெடரிக் டானே, மன்பிரெட் லீ என்ற ஒன்றுவிட்ட சகோதரர்கள். அவர்களுடைய ஆரம்ப நாவல்களில், தீர்வுக்கு முன் கதையை நிறுத்தி வாசகருக்குச் சவால் விடும் பக்கம் ஒன்று வரும். 1939 ஜூன் 18 அன்று சிபிஎஸ்ஸில் தொடங்கிய நாடகத் தொடரில் அந்தப் பக்கத்தை உயிரோடு நிறுத்தினார்கள்: தீர்வுக்குமுன் நாடகம் நிற்கும், நிலையத்துக்கு அழைக்கப்பட்ட விருந்தினர்கள் கொலையாளி யார் என்று ஊகிப்பார்கள், பிறகு நாடகம் தொடரும். வீட்டில் கேட்பவரின் இடத்தில் நிஜ மனிதரையே உட்காரவைத்த இந்த ஏற்பாட்டை மிஞ்சிய வேறொன்று அந்தக் காலத்தில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதோடு நிக்கி போர்ட்டர் என்ற செயலாளர் பெண்ணும் சேர்க்கப்பட்டாள். எல்லெரி யாரிடமாவது பேசியாக வேண்டுமே!

டேஷியல் ஹாமெட்டின் சாம் ஸ்பேட் வேறு வகைச் சிக்கல். 1930இல் நூலாக வந்த 'தி மால்டீஸ் பால்கன்' நாவலில் ஸ்பேட் என்ன நினைக்கிறார் என்று ஓரிடத்திலும் ஹாமெட் சொல்வதில்லை. செயலும் பேச்சும் மட்டுமே. 1946இல் தொடங்கிய வானொலித் தொடரில் ஸ்பேட் தன் செயலாளர் எஃபியிடம் வழக்கறிக்கையைச் சொல்லி எழுதவைக்கிறார். உரிமம் எண் 137596 என்று அறிக்கை தொடங்கும். கதை அதற்குள் விரியும். ஹாவர்ட் டஃப் நடித்த அந்த ஸ்பேட் கேலியும் கிண்டலுமானவர், நாவலின் ஸ்பேடுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். 1950இல் கம்யூனிச ஆதரவாளர்கள் என்று பட்டியலிட்ட 'ரெட் சேனல்ஸ்' வெளியீட்டில் ஹாமெட், டஃப் இருவர் பெயரும் இடம்பெற்றன. தலைமுடித் தைலம் விற்ற விளம்பரதாரர் கையைக் கழுவினார். தொடர் வேறொரு நடிகருடன் 1951 வரை தள்ளாடி முடிந்தது.

அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலைக் கிராமத்து மருத்துவர் ஒருவர் சொல்லிச் செல்கிறார். 1939 நவம்பர் 12 அன்று அதை நாடகமாக்கிய ஆர்சன் வெல்ஸ், மருத்துவர் ஷெப்பர்ட், துப்பறியும் பாய்ரோ ஆகிய இரண்டு வேடங்களிலும் தானே பேசினார். முடிவைச் சொல்லப்போவதில்லை. நாவலைப் படித்தவர்களுக்கு அந்த இரட்டை வேடத்தின் குறும்பு புரியும்.

பதிவுகள் ஏன் அரைகுறை?

1940களின் பிற்பகுதி வரை பெரிய வலையமைப்புகள் பதிவுசெய்த நிகழ்ச்சிகளைப் பொதுவாக ஏற்கவில்லை. எல்லாம் நேரடி நடிப்பு. பல நிகழ்ச்சிகளை ஒரே மாலையில் இருமுறை நடித்தார்கள்: கிழக்குக் கரைக்கு ஒரு தடவை, மூன்று மணி நேர வித்தியாசம் காரணமாக மேற்குக் கரைக்கு மறுதடவை. பதிவு என்பது விளம்பரதாரருக்கும் கோப்புக்கும் எடுக்கப்பட்டதே ஒழிய, மறுபடி ஒலிபரப்ப அல்ல.

அந்தப் பதிவு 16 அங்குலத் தட்டு. ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 நிமிடம். அரை மணி நாடகத்துக்கு இரண்டு பக்கங்கள். அலுமினியத்தின் மேல் அரக்குப் பூச்சு. போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடித் தட்டு. அரக்கு உரியும், கண்ணாடி உடையும். கதை சரியாகப் பாதியில் அறுந்தால், ஒரு பக்கம் பிழைக்கவில்லை என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். இன்னொரு வழி, படைவீரர்களுக்கான வானொலிச் சேவை. அது நாடகங்களைத் தட்டுகளில் பிரதியெடுத்துக் கடல் கடந்து அனுப்பியது, விளம்பரங்களை வெட்டிவிட்டு.

இலவசமா, இல்லையா?

கேட்பது வேறு, வெட்டி ஒட்டி வெளியிடுவது வேறு. இரண்டாவதை நினைப்பவர்கள் அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும்.

1. மூலக்கதை. டாயிலின் ஹோம்ஸ் கதைகள் அனைத்தும் 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவிலும் பொதுவுடைமை.

2. நாடகப் பிரதி. அது தனிப் படைப்பு. மெய்சரோ பௌச்சரோ எழுதியதற்கு டாயிலின் காலக்கணக்கு பொருந்தாது.

3. ஒலிப்பதிவு. 1972க்கு முந்தைய பதிவுகளுக்கு 2018இல் அமெரிக்கா தனிச்சட்டம் இயற்றியது. அதன்படி 1923 முதல் 1946 வரை வெளியிடப்பட்டவற்றுக்கு 100 ஆண்டுப் பாதுகாப்பு. 1947 முதல் 1956 வரை 110 ஆண்டு. அதற்குப் பிந்தையவற்றுக்கும் வெளியிடப்படாதவற்றுக்கும் 2067 பிப்ரவரி 15 வரை. ஒலிபரப்பியது மட்டுமே 'வெளியிட்டது' ஆகிவிடுமா என்பது வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய தனி வில்லங்கம். இணையத்தில் தாராளமாகக் கிடைப்பதாலேயே ஒரு கோப்பு பொதுவுடைமை ஆகிவிடாது.

கையிலிருக்கும் கோப்பு எந்த ஆண்டு?

கோப்பின் பெயரில் இருக்கும் தேதியை அப்படியே நம்ப வேண்டாம். விளம்பரத்தைக் கேளுங்கள். காபி என்றால் 1930களின் முற்பகுதி. புரோமோ குவைனின் என்ற சளி மாத்திரை என்றால் 1939 முதல் 1942 வரை. பெட்ரி ஒயின் என்றால் 1943க்கும் 1946க்கும் இடையில். விளம்பரமே இல்லையென்றால் படைவீரர் சேவையின் தட்டாக இருக்கலாம். அப்போது குரலைத்தான் பிடிக்க வேண்டும். புரூஸின் முணுமுணுப்பு இருந்து, எதிரே இருப்பவர் ராத்போன் இல்லையென்றால், அது 1946-47 பருவம். ஹோம்ஸ் டாம் கான்வே.